ஒரு தீ, 6,000 பேர் உறங்கும் கல்லறைத் தோட்டம், 250 வருஷ தேவாலயம்: சான் கேப்ரியல் மிஷன் யாருடையது?

2020 ஜூலை 11, சனிக்கிழமை. விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலிருந்து சுமார் 9 மைல் கிழக்கே உள்ள சான் கேப்ரியலில், பழைய கத்தோலிக்க தேவாலயம் ஒன்றின் தீ எச்சரிக்கை மணி அலறியது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது கூரையின் ஓரத்தில் புகையும் நெருப்பும் தெரிந்தன. உள்ளே போனவர்கள், மேலிருந்து மரத்துண்டுகள் விழத் தொடங்கியதும் வெளியே வர வேண்டியதாயிற்று. பொழுது விடிந்தபோது தடித்த சுவர்கள் அப்படியே நின்றன. மேலே கூரை இல்லை. வானம் தெரிந்தது.

அடுத்த ஆண்டு வரவிருந்த 250-வது ஆண்டு விழாவுக்காகத்தான் அந்தக் கோயிலில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் பழைய ஓவியங்கள் பலவற்றை ஏற்கெனவே கழற்றி வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். அவை தப்பின. பீடம் வரை வந்த தீ, அதைத் தின்னாமல் நின்றது. புகையும் தண்ணீரும் பட்ட சேதம் மட்டும்தான்.

இது விபத்து அல்ல, யாரோ வைத்த தீ என்பது விசாரணையில் தெரியவந்தது. 2021-ல் ஒருவர் மீது வழக்கு பதிவானது. எரிந்த கூரையை மறுபடி கட்டிவிட்டார்கள். ஆனால் கூரையைக் கட்டும்போதே இன்னொரு பழைய கேள்வியும் எழுந்தது. இந்தக் கோயிலின் கதையை இதுவரை யார் சொன்னார்கள்? இனி யார் சொல்ல வேண்டும்?

சான் கேப்ரியல் மிஷன் என்பது என்ன, அதைக் கட்டியது யார், இன்று அங்கே வழிபடுவது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- முழுப் பெயர்: மிஷன் சான் கேப்ரியல் ஆர்க்காங்கெல். அதாவது, அதிதூதர் கபிரியேல் மிஷன்.
- தொடங்கிய நாள்: 1771 செப்டம்பர் 8
- கலிபோர்னியாவின் 21 ஸ்பானிஷ் மிஷன்களில் 4-வது
- இப்போதைய கோயில் கட்டப்பட்ட காலம்: 1791 முதல் 1805 வரை
- அந்த மண்ணின் பூர்வகுடிகள்: டோங்வா மக்கள்
- இன்று: லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்மறைமாவட்டத்தின் கீழ் இயங்கும் பங்கு ஆலயம்

'மிஷன்' அப்படின்னா என்ன?

நம் ஊரில் 'மிஷன்' என்றால் மிஷன் ஸ்கூல், மிஷன் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ஸ்பானிஷ் கலிபோர்னியாவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே மிஷன் என்பது ஒரு முழுக் குடியிருப்பு. கோயில், துறவிகளின் அறைகள், தானியக் கிடங்கு, தறி, தோல் பதனிடும் தொட்டி, சோப்பு காய்ச்சும் கொப்பரை, வயல், மாட்டுப் பண்ணை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும்.

ஸ்பெயின் மூன்று கால்களில் தன் ஆட்சியை ஊன்றியது. பூர்வகுடிகளை மதம் மாற்றி உழவர்களாக்க மிஷன். காவலுக்கு 'பிரெசிடியோ' என்ற ராணுவ முகாம். குடியேறிகளுக்கு 'புவெப்லோ' என்ற ஊர். வடக்கிலிருந்து ரஷ்யர்கள் கலிபோர்னியா கடற்கரைக்கு வந்துவிடுவார்களோ என்ற பயம்தான் ஸ்பெயினை அவசரப்படுத்தியது. ஆக, மிஷன் என்பது மதத் திட்டம் மட்டும் அல்ல. எல்லையைப் பிடித்து வைக்கும் அரசியல் திட்டமும்கூட.

1769-ல் சான் டியகோவில் முதல் மிஷன் தொடங்கியது. 1823-ல் சொனோமாவில் கடைசி. மொத்தம் 21. இவற்றைத் தொடங்கி வைத்தவர் ஹூனிபெரோ செர்ரா என்ற பிரான்சிஸ்கன் துறவி. நாலாவது மிஷன்தான் சான் கேப்ரியல். செர்ராவின் ஏற்பாட்டில், பெத்ரோ கம்போன், ஆங்கெல் சோமேரா என்ற இரண்டு துறவிகள் 1771 செப்டம்பர் 8-ம் தேதி அதைத் தொடங்கினார்கள். அன்று மாதாவின் பிறந்தநாள் திருவிழா. வேளாங்கண்ணியில் பெருவிழா நிறைவடையும் அதே நாள்தான்.

தொடக்கக் கதை: ஓவியமும் சிப்பாயும்

இந்த மிஷனைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. துறவிகள் வந்து இறங்கியபோது டோங்வா மக்கள் ஆயுதங்களோடு சூழ்ந்துகொண்டார்களாம். துறவி ஒருவர் வியாகுல மாதாவின் ஓவியத்தை விரித்துக் காட்டினாராம். அதைப் பார்த்ததும் அவர்கள் வில்லைக் கீழே போட்டு, தங்கள் கழுத்து மாலைகளை ஓவியத்தின் முன் காணிக்கையாக வைத்தார்களாம். செர்ராவின் சீடரான பிரான்சிஸ்கோ பாலோ எழுதிவைத்த கதை இது. தலைமுறை தலைமுறையாகச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்பட்டதும் இதுதான்.

அதே பாலோவும் செர்ராவும் இன்னொரு சம்பவத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. மிஷன் தொடங்கிய சில வாரங்களிலேயே, காவலுக்கு வந்த சிப்பாய் ஒருவர் உள்ளூர்த் தலைவரின் மனைவியைப் பாலியல் வன்கொடுமை செய்தார். நியாயம் கேட்டு ஆட்களோடு வந்த அந்தத் தலைவரைச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அவரது தலையை வெட்டி எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள்.

இரண்டு கதையும் பிறந்தது ஒரே வருஷத்தில், ஒரே இடத்தில். பின்னால் வந்த சண்டைகளுக்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது.

டோங்வா மக்கள் யார்?

இன்றைய லாஸ் ஏஞ்சல்ஸ் சமவெளியிலும், எதிரே கடலில் உள்ள தெற்குத் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் இவர்கள். ஓக் மரக் கொட்டையை இடித்து மாவாக்கி, கசப்பு போகத் தண்ணீரில் அலசிக் கூழ் காய்ச்சுவார்கள். பலகைகளைக் கோத்து, தார் பூசி, கடலோடும் படகு கட்டுவார்கள். ஊருக்கு ஊர் தலைவர் உண்டு. அதில் பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

மிஷனின் பெயரை வைத்து ஸ்பானியர்கள் இவர்களை 'கேப்ரியலேனோ' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்று வழித்தோன்றல்களில் பலர் 'டோங்வா' என்கிறார்கள். சிலர் 'கீச்' என்பதே சரியான பெயர் என்கிறார்கள். ஓர் இனம் தன்னை எப்படி அழைத்துக்கொண்டது என்பதே விவாதமாகும் அளவுக்கு நினைவுகள் அறுந்துபோயிருக்கின்றன.

மிஷனுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது?

ஞானஸ்நானம் வாங்கியவர்களை 'நியோஃபைட்' என்று குறிப்பிட்டார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் என்று பொருள். வாங்கிய பிறகு, நினைத்தபடி ஊருக்குத் திரும்ப முடியாது. அனுமதி வேண்டும். ஓடிப்போனால் சிப்பாய்கள் தேடிப் பிடித்து வருவார்கள். கசையடி வழக்கமான தண்டனை. கல்யாணமாகாத பெண்களை இரவில் தனிக் கூடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

நாள் முழுவதையும் நடத்தியது மணி. எழுந்திருக்க மணி, ஜெபத்துக்கு மணி, வேலைக்கு மணி, கஞ்சிக்கு மணி. இன்று சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கும் அந்த மணிச் சுவரைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேலையின் அளவும் கொஞ்சநஞ்சம் இல்லை. மிஷன்களிலேயே செழிப்பான ஒன்றாக சான் கேப்ரியல் வளர்ந்தது. கோதுமை, சோளம், மாட்டுத் தோல், கொழுப்பு, சோப்பு என்று எல்லாம் இங்கிருந்து போயின. 'வினியா மாத்ரே', அதாவது 'தாய்த் தோட்டம்' என்று பெயர்பெற்ற திராட்சைத் தோட்டமும் இங்கேதான் இருந்தது. கலிபோர்னியாவின் ஒயின் தொழிலுக்கு ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று. 1817-ல் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் எண்ணிக்கை சுமார் 1,700. மிஷனின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

உச்சம் 1,700 என்றால், மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள்? மிஷன் காலத்தில் இங்கே ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகள் 7,000-க்கும் மேல். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட பூர்வகுடிகள் சுமார் 6,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே என்ன நடந்தது என்று புரியும்.

தட்டம்மை, வயிற்றுப்போக்கு, மேகநோய் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்கள்தான் அதிகம் கொன்றன. அந்த நோய்களுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு சக்தி இல்லை. நெருக்கியடித்துத் தங்கவைத்தது நோய் பரவ வழி செய்தது. சாவு கூடக் கூட, வயல் வேலைக்கு மேலும் தூரத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

எதிர்த்து நின்ற டோய்புரினா

1785 அக்டோபர் 25 இரவு. அக்கம்பக்க ஊர்க்காரர்கள் ஆயுதங்களோடு மிஷனுக்குள் நுழைந்தார்கள். ஆனால் தகவல் முன்கூட்டியே கசிந்துவிட்டது. சிப்பாய்கள் தயாராகக் காத்திருந்தார்கள். தாக்குதல் தொடங்கும் முன்பே முடிந்தது.

பிடிபட்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் டோய்புரினா. 20-களின் நடுவில் இருந்த பெண். மருத்துவமும் மந்திரமும் தெரிந்தவர் என்று தன் மக்களிடையே மதிப்புப் பெற்றவர். மற்றவர் நிக்கோலாஸ் ஹோசே. இவர் வெளியாள் இல்லை. மிஷனிலேயே ஞானஸ்நானம் பெற்று அங்கேயே வாழ்ந்தவர். ஊர்க்காரர்களைத் திரட்ட டோய்புரினாவின் உதவியைத் தேடிப் போனவரும் அவர்தான்.

அவருக்கு என்ன கோபம்? விசாரணைப் பதிவில் அதுவும் இருக்கிறது. டோங்வா மக்களின் சடங்கு நடனங்களுக்கு அதிகாரிகள் தடை விதித்திருந்தார்கள். இறந்தவர்களுக்காகச் செய்யும் துக்கச் சடங்கும் அதில் அடக்கம். அந்தச் சடங்கு நடந்தால்தான் உயிர் அமைதியாகப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நிக்கோலாஸ் ஹோசே மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர். செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைக்கூடச் செய்யவிடவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தங்கள் நிலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள் என்பதுதான் தன் கோபம் என்று டோய்புரினா விசாரணையில் சொன்னதாகப் பதிவு சொல்கிறது. நிக்கோலாஸ் ஹோசேக்குத் தொலைவில் உள்ள ராணுவ முகாமில் கடின உழைப்புத் தண்டனை. டோய்புரினா வடக்கே நாடு கடத்தப்பட்டார். ஞானஸ்நானம் பெற்றார், ஸ்பானிஷ் சிப்பாய் ஒருவரை மணந்தார், 1799-ல் இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

இன்று லாஸ் ஏஞ்சல்ஸில் சுவரோவியங்களிலும் நாடகங்களிலும் டோய்புரினா வாழ்கிறார். ஒரு காலத்தில் 'சூனியக்காரி' என்று எழுதப்பட்டவர், இப்போது வீரமங்கை.

கோட்டை மாதிரி ஒரு கோயில்

முதலில் மிஷன் இருந்தது வேறு இடத்தில். ஆற்றங்கரையில் வெள்ளம் வந்து பயிரை அடித்துப் போனதால், 1775-ல் இப்போதைய இடத்துக்கு மாறியது. இப்போதைய கோயிலுக்கு 1791-ல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் அந்தோனியோ குருசாதோ என்ற துறவி. ஸ்பெயினின் கோர்தோபா பகுதிக்காரர்.

இந்த ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். கோர்தோபாவின் பிரம்மாண்டமான பழைய மசூதி, பிறகு கதீட்ரலாக மாறியது. அதன் வெளிச்சுவர்களைத் தாங்கும் முட்டுத்தூண்களும், உயரமான குறுகலான ஜன்னல்களும் சான் கேப்ரியல் கோயிலில் அப்படியே எதிரொலிக்கின்றன. மற்ற மிஷன்களில் இப்படி ஒரு தோற்றம் கிடையாது. இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயல் ஸ்பெயின் வழியாகக் கடல் தாண்டி கலிபோர்னியாவுக்கு வந்து, கத்தோலிக்கக் கோயிலில் போய் நின்றிருக்கிறது.

திட்டம் குருசாதோவுடையது. கல் உடைத்து, செங்கல் அறுத்து, சுண்ணாம்பு அரைத்துக் கட்டியது பூர்வகுடிகளின் கைகள். கோயில் முடிவதைப் பார்க்காமலேயே 1804-ல் குருசாதோ இறந்தார். 1805-ல் கோயில் முடிந்தது. 1812 டிசம்பரில் வந்த நிலநடுக்கம் பழைய மணிக்கூண்டைச் சாய்த்தது. அதற்குப் பதிலாக எழுப்பியதுதான் இப்போது எல்லாப் படங்களிலும் பார்க்கும் அந்த மணிச் சுவர். வளைவு வளைவான துளைகளில் ஆறு மணிகள் தொங்கும்.

உள்ளே பீடத்தில் இருக்கும் ஆறு மரச் சொரூபங்கள், 1791-ல் ஸ்பெயினிலிருந்து கப்பலில் தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தவை. அடித்துச் செய்த செம்பு ஞானஸ்நானத் தொட்டி, மன்னர் மூன்றாம் கார்லோஸ் கொடுத்தது. தொட்டி இருந்த அறையைத் தீ தொடவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் இங்கிருந்துதான் பிறந்ததா?

ஆமா என்றே சொல்லலாம். 1781-ல் மெக்சிகோவின் சொனோரா, சினலோவா பகுதிகளிலிருந்து வந்த 11 குடும்பங்கள், மொத்தம் 44 பேர், சான் கேப்ரியலில் தங்கிவிட்டுத்தான் மேற்கே போய் புதிய ஊரை அமைத்தார்கள். அந்த ஊர்தான் இன்றைய லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த 44 பேரில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்க வம்சாவளியினர். மற்றவர்களில் பூர்வகுடிகளும் கலப்பினத்தவரும் அதிகம்.

அவர்கள் நடந்த வழியில் இன்றும் ஆண்டுதோறும் நடைப்பயணம் நடக்கிறது. சான் கேப்ரியலில் கிளம்பி 9 மைல் நடந்து லாஸ் ஏஞ்சல்ஸ் மையத்துக்குப் போவார்கள். அந்த முதல் குடும்பங்களின் வழித்தோன்றல்களும் அதில் நடப்பார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் இந்தக் கோயிலை விட மனமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியின் அரசு முத்திரையில் நடுவில் ஒரு பூர்வகுடிப் பெண்ணும், ஓரத்தில் சான் கேப்ரியல் மிஷனும் இருக்கின்றன. முத்திரையில் உள்ள கோயில் படத்துக்கு மேல் சிலுவை வரலாமா, கூடாதா என்று வழக்கே நடந்தது. அரசு முத்திரையில் சிலுவையைச் சேர்த்தது சட்டத்துக்கு எதிரானது என்று 2016-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிஷன், பங்கு ஆலயமானது எப்படி?

1821-ல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்தது. 1833-ல் மிஷன்களைத் துறவிகளிடமிருந்து எடுக்கும் சட்டம் வந்தது. நிலத்தில் ஒரு பங்கு பூர்வகுடிகளுக்குப் போக வேண்டும் என்பது பேச்சு. நடந்தது வேறு. பெரும்பாலான நிலம் செல்வாக்குள்ள பண்ணையார்களின் கைக்குப் போனது. உழைத்தவர்கள் கூலிகளாக லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களுக்கு வந்தார்கள்.

1848-ல் கலிபோர்னியா அமெரிக்கா வசமானது. அப்போதும் விடிவு இல்லை. வேலை இல்லாமல் சுற்றுவதாகச் சொல்லி பூர்வகுடிகளைப் பிடித்து, ஏலத்தில் கூலி வேலைக்கு விட 1850-ல் மாநிலமே சட்டம் போட்டது. ஸ்பானிஷ் ஆட்சி தொடங்கியபோது கலிபோர்னியாவில் சுமார் 3 லட்சம் பூர்வகுடிகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1848-ல் அது சுமார் பாதியானது. அதன்பின் அமெரிக்க ஆட்சியின் முதல் 25 ஆண்டுகளில் சுமார் 30,000 ஆகச் சரிந்தது. அதாவது, மிஷன் காலம் பாதியை அழித்தது என்றால், அடுத்து வந்த காலம் மீதியில் பெரும்பகுதியைக் குறுகிய வருஷங்களிலேயே அழித்தது.

சான் கேப்ரியல் கோயிலும் அதைச் சுற்றிய கொஞ்சம் நிலமும் 1859-ல் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பக் கிடைத்தன. அதன்பின் அது பங்கு ஆலயமானது. 1908 முதல் கிளாரட் சபைத் துறவிகள் பொறுப்பில் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கச் சடங்கு என்று சாதாரணப் பங்கு வாழ்க்கை இங்கே ஓடுகிறது.

இன்று இங்கே யார் வழிபடுகிறார்கள்?

சான் கேப்ரியல் இன்று சுமார் 40,000 பேர் வாழும் சின்ன நகரம். அதில் பாதிக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். கடைத்தெருவில் சீன, வியட்நாமிய உணவகங்கள்தான் வரிசையாக இருக்கும். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. பங்கிலும் அதே கலவைதான். ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமிய மொழிகளில் திருப்பலி நடக்கிறது.

இவர்களோடு, இந்தக் கோயிலைக் கட்டிய டோங்வா மக்களின் வழித்தோன்றல்களும் இருக்கிறார்கள். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மிஷன் என்றாலே கோபப்படும் டோங்வா குடும்பங்கள் உண்டு. அந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்பவர்கள் உண்டு. அதே சமயம், தலைமுறை தலைமுறையாக இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, இதே மண்ணில் முன்னோரைப் புதைத்து, 'இது எங்க கோயில், எங்க ஆளுங்க கட்டினது' என்று உரிமையோடு வருபவர்களும் உண்டு. தங்கள் வம்சத்தை நிரூபிக்கப் பலருக்கும் கையில் இருக்கும் ஒரே ஆதாரம், மிஷன் துறவிகள் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடுதான்.

அந்த ஆதாரம் ஏன் முக்கியம்? டோங்வா மக்களை அமெரிக்க மத்திய அரசு இன்னும் பழங்குடி இனமாக அங்கீகரிக்கவில்லை. 1994-ல் கலிபோர்னியா மாநில சட்டமன்றம் மட்டும் அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியில் அவர்களுக்கு என்று ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் இருந்தது. 2022-ல்தான் அல்டடீனாவில் ஒரு ஏக்கர் நிலம் டோங்வா அமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட 200 வருஷத்தில் இதுதான் முதல் முறை.

செர்ரா சிலை சர்ச்சை என்ன?

மிஷன்களைத் தொடங்கிய செர்ராவுக்கு 2015 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். பூர்வகுடி அமைப்புகள் பல அப்போதே எதிர்த்தன.

செர்ராவை ஆதரிப்பவர்கள் சொல்வது: சிப்பாய்களின் அட்டூழியத்தை எதிர்த்தவர் அவர். 1773-ல் மெக்சிகோ நகரம் வரை போய் வைஸ்ராயிடம் முறையிட்டவர்.

எதிர்ப்பவர்கள் சொல்வது: பூர்வகுடிகளுக்குக் கசையடி கொடுப்பதை நியாயப்படுத்திக் கடிதம் எழுதியவரும் அதே செர்ராதான். தனி மனிதராக நல்லவரா, கெட்டவரா என்பது அல்ல கேள்வி. அவர் கட்டிய அமைப்பு என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

இரண்டுமே ஆவணத்தில் இருக்கும் விஷயங்கள்தான்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களில் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் செர்ரா சிலைகள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளப்பட்டன. சான் கேப்ரியல் மிஷன் நிர்வாகம் தன் வாசலில் இருந்த செர்ரா சிலையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியது. அதன்பின் சில நாட்களில் தீ. அதனால்தான் அந்த ஜூலை காலையில் பலரும் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் சிலை சர்ச்சைக்கும் இந்தத் தீக்கும் தொடர்பு இருந்ததாக அதிகாரிகள் சொல்லவில்லை.

பள்ளிப் பாடமும் மாறியது

கலிபோர்னியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மிஷன் மாடல் செய்வது பல தலைமுறை வழக்கம். சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி வெள்ளைச் சுவர், அட்டையில் சிவப்புக் கூரை. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாடலுக்குள் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். 2016-ல் மாநிலம் ஏற்றுக்கொண்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டி, இந்த மாடல் கட்டும் வேலையை ஊக்குவிக்கவில்லை. மிஷன்களில் வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசச் சொல்கிறது. 2019-ல் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், மாநிலம் பூர்வகுடிகளுக்குச் செய்த கொடுமைகளுக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டார்.

தீக்குப் பிறகு என்ன மாறியது?

கூரை மரம் புதிதாக வந்தது. சுவர்கள், பீடம், சொரூபங்கள் சுத்தம் செய்யப்பட்டன. இந்த இடைவெளியில் மிஷன் அருங்காட்சியகமும் புதிதாக யோசிக்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர் ஸ்டீவன் ஹேக்கலும், டோங்வா வம்சாவளியைச் சேர்ந்த கலை வரலாற்று ஆய்வாளர் ஈவ் சாவெஸும் புதிய காட்சியை வடிவமைத்தார்கள். 2023-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பழைய காட்சியில் துறவிகளின் அங்கிகளும் புத்தகங்களும்தான் பிரதானம். புதிய காட்சி டோங்வா மக்களிடமிருந்து தொடங்குகிறது. நோய், கட்டாய உழைப்பு, 1785 கிளர்ச்சி எல்லாவற்றையும் பேசுகிறது. பூர்வகுடிக் கலைஞர்கள் வரைந்ததாக அறியப்படும் பழைய சிலுவைப்பாதை ஓவியங்களும் இந்த மிஷனின் பொக்கிஷங்களில் அடக்கம். ஸ்தாபிதக் கதையை மட்டுமே கேட்டவர்களுக்கு, அதைக் கட்டியவர்களின் கையெழுத்தும் தெரிகிறது.

முக்கியமான மாற்றம் ஒன்று: ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள 7,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிகளின் பெயர்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. வழித்தோன்றல்கள் வந்து, விரலை வைத்துத் தேடித் தங்கள் பாட்டன் பூட்டன் பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

இது எல்லாருக்கும் போதுமா?

இல்லை. பெயர்ச் சுவர் நல்லதுதான், ஆனால் நிலம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செர்ரா எங்கள் புனிதர், அவரை ஒளித்து வைப்பானேன் என்று வருந்தும் பங்கு மக்களும் இருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானத்தில் கொடுத்த ஸ்பானிஷ் பெயர்கள்தானே, அம்மா வைத்த பெயர் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கேள்விக்கும் முழுப் பதில் கிடையாது.

ஆனால் முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் ஒரு தெளிவான வித்தியாசம் உண்டு. ஓவியத்தைப் பார்த்து வில்லைக் கீழே போட்ட கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போன பயணி, இப்போது டோய்புரினா பெயரையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார். வெளியே வந்தால் கல்லறைத் தோட்டம். அங்கே புதைக்கப்பட்ட 6,000 பேரில் பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் கிடையாது. அவர்கள் நினைவாக ஒரு சிலுவை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வியட்நாமியப் பாட்டிகளும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் டோங்வா குடும்பங்களும் நடந்துபோவது அந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான்.